பேய் இல்லை என்று சொன்னால் மட்டும் போதுமா?

(கடலோரக் கிராமம் ஒன்றில் படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்றைய தினம் "மூடநம்பிக்கையும் வைத்தியமும்" என்னும் தலைப்பில் நான் பேச வேண்டுமென்று இப்படிப்பகத் தோழர்கள் கேட்டுக் கொண்டார்கள. எனக்கு முன் பேசிய தோழர்கள் மந்திரம், தாயத்து, பில்லி சூனியம் ஆகியவைகளின் புரட்டுகளை நன்றாய் எடுத்துக் காட்டி விட்டார்கள். அவைகளையே நானும் திருப்பிச் சொல்வதில் பிரயோஜனமில்லை. ஆகையால் நான் இன்று பூசாரியைக் கண்டிக்கப் போவதில்லை. நம்மை நாமே கண்டித்துக் கொள்ளப் போகிறேன். பேய் இல்லை, பிசாசு இல்லை என்று மேடைக்கு மேடை முழங்குகின்ற நாம், பேய் பிடித்ததாகச் சொல்லப்படுகின்ற அந்த மனிதனுக்கு என்ன செய்தோம் என்பதே என்னுடைய கேள்வி.

நான் அதிகம் படித்தவனல்ல. பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். படிப்பகங்களில் உட்கார்ந்து கற்றதே அதிகம். நான் வைத்தியனுமல்ல. ஆகவே நான் சொல்கிறேன் என்பதற்காக எதையும் நம்பி விடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டதைக் கொண்டு மற்றதைத் தள்ளி விடுங்கள்.

நான் செய்த பிசகு

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கி வந்ததை இந்தப் பக்கத்து மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். அப்போது நான் வாலிபன். நிவாரண வேலைக்காகத் தோழர்களோடு ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தாய். கையில் பிடித்திருந்த பிள்ளையைத் தண்ணீர் பிடுங்கிக் கொண்டு போய்விட்டது. சில வாரங்கள் கழித்து அந்த அம்மாள் இரவில் அலற ஆரம்பித்தார். அலை இரைந்தால் வெறித்துப் பார்ப்பார், சோறு இறங்காது. அகால மரணமடைந்த பிள்ளையின் ஆவி தாயைப் பிடித்துக் கொண்டது என்று ஊரார் முடிவு செய்து, கோடாங்கியை வரவழைத்து, உடுக்கை அடித்து, தலைமயிரைப் பிடித்து வேப்பங்குழையால் அடித்தார்கள்.

எங்களுக்குச் செய்தி தெரிந்தது. ஓடினோம். கோடாங்கியைத் தடுத்தோம். அந்த மட்டிலும் நாங்கள் செய்தது சரியே. அதன் பிறகு நான் செய்ததுதான் பிசகு. கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் பிரசங்க ஆசை வந்துவிட்டது. ஆவி என்பது கிடையாது, எல்லாம் மனப்பிராந்தி என்று ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் அந்த அம்மாளைப் பார்த்து, "அம்மா, ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் மறந்துவிட்டு வேலையைப் பாருங்கள்" என்று உபதேசமும் செய்தேன். அந்த அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, "பேய் இல்லேங்கிறே தம்பி, சரி. அப்போ ராத்திரியில வந்து அம்மாங்கிறது யாரு?" என்று கேட்டார்.

தோழர்களே, கோடாங்கியை வாதத்தில் மடக்கிய எனக்கு, அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நான் பேசி முடித்துக் கிளம்பிய பிறகு அந்த அம்மாள் யாரிடமும் வாய் திறப்பதையே விட்டுவிட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். கோடாங்கி அவரை அடித்தான். நானோ அவருடைய துக்கத்தைப் பிராந்தி என்று சொல்லி வாயை அடைத்தேன். இருவரில் எவரும், "என்ன கண்டாய், சொல்லம்மா" என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படிக்கும்போதுதான் ரிவர்ஸ் என்னும் ஒரு வைத்தியருடைய சரித்திரம் எனக்குக் கிடைத்தது. அதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

பாதிரி மகன், திக்குவாயன்

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்பவர் 1864-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். தகப்பனார் ஒரு பாதிரியார். அவர் திக்குவாய்க்காரர்களுக்குச் சிகிச்சை செய்பவருமாவார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய சொந்த மகனுக்கே திக்குவாய். அது ஆயுள் முழுவதும் தீரவில்லை. பதினாறாவது வயதில் விஷஜுரம் கண்டு, கேம்பிரிட்ஜ் உபகாரச் சம்பளப் பரீட்சைக்குப் போக முடியாமற் போயிற்று. பிறகு லண்டனில் வைத்தியம் படித்து, 1886-ல், 22-வது வயதில் பட்டம் பெற்றார். கப்பல் வைத்தியராக ஜப்பான் வரை போய் வந்தார்.

1898-ல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டாரஸ் ஜலசந்தித் தீவுகளுக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் கூட்டம் புறப்பட்டது. அதில் ரிவர்ஸும் போனார். வெள்ளைக்காரனுக்கு ஒரு விதமான கண்ணும் காதும், கறுப்பனுக்கு வேறு விதமான கண்ணும் காதுமா என்று சோதித்துப் பார்ப்பது அங்கே அவருடைய வேலைகளில் ஒன்று. அதோடு ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, உன் தாய் யார், தகப்பன் யார், உடன் பிறந்தார் யார் என்று கேட்டுக் கேட்டு வம்ச வரலாறுகளை எழுதினார். பேச நாக்குத் திக்குகின்ற மனிதன் பிறர் பேச்சைக் கேட்பதில் கெட்டிக்காரனாக ஆனான் என்பது என்னுடைய அபிப்பிராயம்.

நீலகிரியில் ரிவர்ஸ்

இந்த ரிவர்ஸ் நமக்கு முற்றிலும் அன்னியரல்லர். 1901, 1902-ம் வருஷங்களில் நம் நீலகிரி மலைக்கு வந்து, தோடர்களோடு பல மாத காலம் பழகி, அவர்களுடைய பால்மனைச் சடங்குகளையும் குடும்ப முறைகளையும் கேட்டெழுதினார். 1906-ல் "தோடர்கள்" என்னும் பெரிய புத்தகமாக அதை வெளியிட்டார்.

அங்கே நடந்த ஒரு சங்கதியை அவரே எழுதியிருக்கிறார். தெய்வ விஷயங்களை அவருக்குச் சொன்ன சிலருடைய வீட்டில் வியாதியும் சாவும் நேர்ந்தது. உடனே குறி சொல்கிறவர்கள், அன்னியனிடம் ரகசியத்தை வெளியிட்டதால் வந்த தெய்வ கோபம் என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகு பலர் அவரிடம் பேசவே பயந்தார்கள். நியாயம் பார்த்தால், ரகசியங்களையெல்லாம் வாங்கிப் புத்தகத்தில் ஏற்றிய ரிவர்ஸைத்தானே தெய்வம் முதலில் தண்டித்திருக்க வேண்டும்? அவரோ சுகமாய்ச் சீமை போய்ச் சேர்ந்தார். சொன்ன ஏழைக்குத் தண்டனை, எழுதிக் கொண்ட துரைக்கு ஒன்றுமில்லை என்றால், அந்தத் தெய்வத்தின் யோக்கியதையை நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

ஆனால் ரிவர்ஸ் அந்த மக்களைப் பரிகசிக்கவில்லை. 1915, 1916-ல் லண்டன் வைத்தியக் கல்லூரியில் மருந்து, மந்திரம், மதம் என்பவைகளைப் பற்றி அவர் செய்த சொற்பொழிவுகள், அவர் இறந்த பின் 1924-ல் புத்தகமாயின. அதில் அவர் காட்டுகின்ற விஷயம் நமக்கு மிகவும் வேண்டியது. மந்திர வைத்தியம் செய்கிறவன் புத்தி கெட்டவன் அல்ல. வியாதிக்குக் காரணம் இன்னது என்று எதை நம்புகிறானோ அதற்குத் தகுந்த சிகிச்சையைத்தான் செய்கிறான். பேய் புகுந்தது என்று நம்பினால் பேயை அடித்து விரட்டுவதுதானே கிரமம்? ஆகவே வேப்பிலையோடு சண்டை போட்டுப் பயனில்லை. காரணம் என்று அவன் நம்புவது பொய் என்பதோடு, மெய்யான காரணம் எது என்பதையும் நாம் காட்டியாக வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு வீட்டுக்குப் போகிற பழக்கம்தான் நம்முடைய குறை.

யுத்தம் செய்த மனக்காயம்

1914-ல் ஐரோப்பாவில் பெரிய யுத்தம் மூண்டது. பீரங்கிக் குண்டுகளின் நடுவே மாதக் கணக்காய்ப் பதுங்கு குழிகளில் கிடந்த சிப்பாய்களில் அநேகர், உடலில் ஒரு கீறலுமில்லாமலே விழுந்து போனார்கள். சிலருக்குப் பேச்சு நின்றது. சிலருக்குக் கை கால் முடங்கிற்று. சிலர் தூக்கத்தில் அலறினார்கள். ரிவர்ஸிடம் படித்தவரான மையர்ஸ் என்பவர் 1915-ல் ஒரு வைத்தியப் பத்திரிகையில் இதற்குக் "குண்டு அதிர்ச்சி" என்று பெயர் கொடுத்து எழுதினார். யுத்தம் முடிவதற்குள் பிரிட்டிஷ் பட்டாளத்தில் மட்டும் இப்படிச் சுமார் 80,000 பேர் என்று கணக்கிட்டார்கள்.

தோழர்களே, இங்கே ஒரு நிமிஷம் நில்லுங்கள். அகால மரணமடைந்தவன் ஆவியாய் அலைந்து பிறரைப் பிடிப்பான் என்பது உண்மையானால், லட்சக்கணக்கான வாலிபர்கள் செத்து விழுந்த பிரெஞ்சு தேசத்து வயல்களில் இன்று ஒரு குடியானவன் ஏர் பிடிக்க முடியுமா? அங்கே கோதுமை விளைகிறது. செத்தவன் யாரையும் பிடிக்கவில்லை. உயிரோடிருப்பவன் கண்ட காட்சிதான் அவனை விடாமல் பிடித்துக் கொண்டது.

அந்தச் சர்க்காராவது இதைப் புரிந்து கொண்டதா? இல்லை. அங்கே பேய் என்று சொல்லவில்லை. கோழை என்று சொன்னார்கள். பட்டாளத்தை விட்டு ஓடியதற்காகவும், கோழைத்தனத்துக்காகவும், அது போன்ற குற்றங்களுக்காகவும் பிரிட்டிஷ் பட்டாளத்தாரும் அதன் குடியேற்ற நாட்டாருமாக 306 பேரை, அவர்கள் பக்கத்துத் துப்பாக்கிகளே சுட்டுக் கொன்றன. அவர்களுக்கு மன்னிப்பு வழங்கச் சட்டம் வந்தது 2006-ம் வருஷத்தில்! தொண்ணூறு வருஷம் கழித்து வந்த மன்னிப்பை வாங்கிக் கொள்ளச் செத்தவன் எழுந்து வரவா போகிறான்?

"மறந்துவிடு" என்னும் மந்திரம்

ரிவர்ஸ் 1915-ல் மாகல் என்ற இடத்துப் பட்டாள ஆஸ்பத்திரியில் சாதாரணச் சிப்பாய்களுக்கும், 1916 முதல் எடின்பரோவுக்கு அடுத்த கிரெய்க்லாக்ஹார்ட் ஆஸ்பத்திரியில் பட்டாள உத்தியோகஸ்தர்களுக்கும் சிகிச்சை செய்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல். அங்கே வந்தவர்களில் அநேகருக்கு முன்பே ஓர் உபதேசம் நடந்திருந்தது. வைத்தியரும் உறவினரும் சிநேகிதரும் ஒரே வாயாக, "யுத்தத்தைப் பற்றி நினைக்காதே, மறந்துவிடு, சந்தோஷமானதையே நினை" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் அந்தத் தாய்க்குச் சொன்னேனே, அதே உபதேசம்!

பலன் என்ன? பகலெல்லாம் நோயாளி பல்லைக் கடித்துக் கொண்டு நினைவை அமுக்கி வைக்கிறான். இரவில் காவல் தளர்ந்ததும் அது கனவாய் வந்து குரல்வளையைப் பிடிக்கிறது. 1917-ம் வருஷம் டிசம்பர் 4-ந் தேதி லண்டன் வைத்தியர் சங்கத்தில் ரிவர்ஸ் இதைப் பற்றிப் பேசினார். துன்பம் வந்ததனால் மட்டுமல்ல, வந்த துன்பத்தை நினைக்கவே கூடாது என்று அடக்குவதாலும் வியாதி வளர்கிறது என்பது அவருடைய முடிவு. அதற்காக எந்நேரமும் அதையே நினைத்து உருகச் சொன்னாரா என்றால், அதுவுமில்லை. ஒளிக்கவும் வேண்டாம், அதிலேயே மூழ்கவும் வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, நேருக்கு நேர் பார்த்து, அந்த நினைவோடு வாழக் கற்றுக் கொள் என்பதே அவருடைய வழி.

அவர் கூறிய இரண்டு நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறேன். ஓர் உத்தியோகஸ்தர் தன் சிநேகிதனைத் தேடிப் போய், குண்டினால் தலை வேறு, கை கால் வேறாகச் சிதறிக் கிடக்கக் கண்டார். அன்று முதல் இரவில் அந்தச் சிதைந்த உடல் கனவில் கிட்டக் கிட்ட வரும். ரிவர்ஸ் அவரிடம், கனவு பொய் என்று வாதாடவில்லை. முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, உடல் அப்படிச் சிதறியிருந்தது என்றாலே உயிர் உடனே போயிருக்கும். உங்கள் சிநேகிதர் கிடந்து துடிக்கவில்லை என்பதற்கு அதுவே ருசு அல்லவா என்று எடுத்துக் காட்டினார். நோயாளியின் முகம் தெளிந்தது. சில நாள் கழித்துக் கனவு மறுபடியும் வந்தது. ஆனால் பயங்கரம் இல்லை. கனவில் சிநேகிதன் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் வீட்டாருக்கு அனுப்புவதற்காக அவன் உடைமைகளைக் கழற்றி எடுத்தாராம். விழித்தபோது அவருக்கிருந்தது துக்கம், பயமல்ல. பயத்தைத் துக்கமாக மாற்றியதுதான் அங்கே நடந்த வைத்தியம். துக்கம் மனிதனுக்கு இயற்கை. அதைத் தாங்கிக் கொண்டு வாழலாம்.

இன்னொருவர் கதை வேறு. குண்டு வெடித்ததில் தூக்கியெறியப்பட்டு, செத்து நாளாகி ஊதிப் போன ஒரு ஜெர்மானியன் பிணத்தின் வயிற்றில் முகம் புதைய விழுந்தவர் அவர். அந்த நாற்றமும் ருசியும் அவரை விடவில்லை. இதில் ஆறுதலாக எடுத்துக் காட்ட ரிவர்ஸுக்கு ஒரு விஷயமும் அகப்படவில்லை. "என்னால் முடியவில்லை" என்பதை ஒளிக்காமல் சபையில் சொல்லி விட்டார். பட்டாளத்தை விட்டு நீங்கி, அமைதியான கிராமத்தில் இருப்பதே அவருக்கு நல்லது என்று முடிவாயிற்று. எந்தப் பூசாரியாவது, எந்தச் சாமியாராவது தன்னால் முடியாமற் போனதைச் சபையில் சொல்லியதுண்டா? பலித்தால் சாமி மகிமை, பலிக்காவிட்டால் உன் கர்மம் என்பதல்லவா அவர்கள் கணக்கு? தோல்வியையும் எழுதி வைப்பதுதான் அறிவு வழி.

பேச்சு மட்டுமல்ல, வேலையும்

அதே ஆஸ்பத்திரியில் பிராக் என்று இன்னொரு வைத்தியர் இருந்தார். நோயாளி தன் சுற்றத்திலிருந்தும் தொழிலிலிருந்தும் ஊரிலிருந்தும் அறுபட்டுப் போனவன். அவனை மறுபடியும் இவைகளோடு ஒட்ட வைப்பதே சிகிச்சை என்பது அவர் கொள்கை. அவரிடமிருந்த வில்பிரட் ஓவன் என்னும் வாலிபக் கவியை ஆஸ்பத்திரிப் பத்திரிகை நடத்தவும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லவும், செடி கொடிகளைப் பற்றிப் பேசவும் வைத்தார். ஆகவே அங்கே மனதை மட்டும் தனியாய்ப் பிடித்துச் சிகிச்சை செய்யவில்லை. தூக்கம், உணவு, வேலை, சிநேகம், சொல்லி அழ ஒரு ஆள் என்று முழு மனிதனுக்கும் சிகிச்சை நடந்தது.

ஏழைக்கு மின்சாரம்

இதையெல்லாம் கேட்டு வெள்ளைக்காரன் வைத்தியமே தயாள வைத்தியம் என்று மயங்கி விடாதீர்கள். கிரெய்க்லாக்ஹார்ட் உத்தியோகஸ்தர்களுக்கான ஆஸ்பத்திரி. அதே காலத்தில் லண்டனில் யெலண்டு என்னும் வைத்தியர், பேச்சு நின்று போன சாதாரணச் சிப்பாயை அறையில் அடைத்துத் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சி, பேசினாலொழிய வெளியே விடுவதில்லை என்று சிகிச்சை செய்தார். அதைப் பெருமையாய் 1918-ல் புத்தகமும் போட்டார். நம் கோடாங்கி கையில் வேப்பங்குழை. அவர் கையில் மின்சாரக் கம்பி. படித்தவன் செய்தாலும் அடி அடிதானே?

பேச்சு நிற்பதும் கை கால் முடங்குவதும் பெரும்பாலும் சிப்பாய்களுக்கே வந்தது. உத்தியோகஸ்தர்களுக்குத் தூக்கமின்மையும் ஓயாக் கவலையும் வந்தது. ரிவர்ஸ் இந்த வித்தியாசத்துக்குக் காரணத்தைப் பிறப்பில் தேடவில்லை. அவரவருக்குக் கிடைத்த படிப்பிலும், பட்டாளத்தில் கொடுக்கப்பட்ட பயிற்சியிலும், பொறுப்பிலும் தேடினார். உத்தரவுக்குக் கீழ்ப்படிவதைத் தவிர வேறு வழியற்றவனுக்கு, "மாட்டேன்" என்று வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிற்று என்று நான் இதைப் புரிந்து கொள்கிறேன்.

தாய்மார்களே, நம் நாட்டில் பேய் யாரைப் பிடிக்கிறது? என் கண்ணால் கண்டவரை, கலெக்டரைப் பிடித்ததில்லை, மடாதிபதியைப் பிடித்ததில்லை. புதிதாய்க் கல்யாணமாகி வந்து மாமியார் வீட்டில் வாய் திறக்க உரிமையில்லாத பெண்ணைப் பிடிக்கிறது. குடிகாரக் கணவனிடம் அடிபடுகிறவளைப் பிடிக்கிறது. பேய் வந்த நேரத்தில்தான் அவள் மாமனாரைப் பேர் சொல்லித் திட்டுகிறாள். "எனக்குச் சோறு போடு" என்கிறாள். சொந்த வாயால் பேச உரிமை கொடுக்காத சமுதாயம், பேயின் வாயால் பேசினால்தான் கேட்கிறது. அப்படிப்பட்டவளை வேப்பிலையால் அடிப்பது எவ்வளவு கொடுமையோ, "நடிக்கிறாள்" என்று நாம் பரிகசிப்பதும் அவ்வளவு கொடுமை. அவளுக்கு வேண்டியது பேயோட்டுதல் அல்ல. வீட்டில் பேச உரிமை.

ரிவர்ஸுக்கு வந்த சங்கடம்

ரிவர்ஸை மகாத்மாவாக்கி மாலை போட நான் வரவில்லை. ஹெட் என்னும் சிநேகிதரோடு சேர்ந்து, அவருடைய கை நரம்பை 1903-ல் அறுத்து, உணர்ச்சி எப்படித் திரும்புகிறது என்று நான்கு வருஷம் சோதித்துக் கூறிய கொள்கை பிற்காலத்தில் நிற்கவில்லை. பிராய்டு என்னும் ஆசிரியரிடம் பல விஷயங்களை ஒப்புக் கொண்ட ரிவர்ஸ், எல்லா மனநோய்க்கும் காமமே மூலம் என்பதை யுத்த நோயாளிகளைக் கண்ட பிறகு ஒப்புக் கொள்ளவில்லை. எவர் எழுத்தையும் வேதமாக்காததே அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

1917-ம் வருஷம் ஜூலையில் சஸூன் என்னும் கவி அவரிடம் அனுப்பப்பட்டார். வீரத்துக்காகப் பதக்கம் வாங்கிய அவர், யுத்தம் வேண்டுமென்றே நீட்டப்படுகிறது என்று பகிரங்கமாய் அறிக்கை விட்டவர். அந்த அறிக்கை பார்லிமெண்டிலும் படிக்கப்பட்டது. ராணுவ விசாரணை வைத்தால் சர்க்காருக்கு அவமானம். ஆகவே மனநோயாளி என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பி விட்டார்கள். அரசாங்கத்தை எதிர்த்தால் பைத்தியம் என்று பெயர் சூட்டுவது புதிய வித்தை அல்லவே! ரிவர்ஸுக்குத் தெரியும், இவருக்குப் பைத்தியமில்லை என்று. ஆனால் பட்டாள வைத்தியனின் கடமை, குணப்படுத்தித் திரும்பவும் யுத்தத்துக்கு அனுப்புவது. குணமாக்கிச் சாகக் கொடுப்பது வைத்தியமா என்னும் போராட்டம் அவருடைய கனவிலேயே வந்தது. அந்தக் கனவையும் ஒளிக்காமல் எழுதினார். சஸூன் தானாகவே திரும்பிப் போய், 1918-ல் காயத்தோடு தப்பினார். ஓவன் என்ற கவியோ 1918 நவம்பர் 4-ந் தேதி, யுத்தம் நிற்க ஒரு வாரம் இருக்கையில், கொல்லப்பட்டார்.

பாதிரி மகனாய்ப் பிறந்து, தானுண்டு புத்தகமுண்டு என்றிருந்த ரிவர்ஸ், யுத்தத்துக்குப் பிறகு வேறு மனிதரானார். தொழிற்கட்சியின் சார்பில் பார்லிமெண்டுக்கு நிற்க ஒப்புக் கொண்டார். தேர்தலுக்கு முன்பே, 1922-ம் வருஷம் ஜூன் 4-ந் தேதி குடலிறக்கத்தால் மரணமடைந்தார். காயத்தைக் கட்டுகிற கை, காயம் உண்டாக்குகிற அரசியலையும் தொட வேண்டும் என்று கடைசியில் கண்டு கொண்டார் போலும்.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே! 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி நம் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் கருகி மாண்டார்கள். தர்காவென்றும், கோவிலென்றும், சர்ச்சென்றும் இதில் பேதமில்லை. எல்லா மதத்தின் வாசலிலும் சங்கிலி உண்டு. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியிடக் கூடாது என்று தடுத்திருக்கிறது. சட்டம் வந்துவிட்டது, ஊருக்கு ஊர் அதைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

ஆகவே இனி இப்படி ஒருவரைக் கண்டால், முதலாவது, அடியையும் கட்டையும் தடுங்கள். இரண்டாவது, தடுத்த கையோடு பிரசங்கத்தை ஆரம்பித்து விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். ஆபத்து நடந்த உடனேயே ஒருவரைப் பிடித்து வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது நன்மை தராது, சிலருக்குத் தீமையும் செய்யும் என்று இக்கால ஆராய்ச்சி கண்டிருக்கிறது. மூன்றாவது, சோறு, தூக்கம், நிவாரணப் பணம், வேலை, துணை ஆகியவைகளுக்கு வழி செய்யுங்கள். பசித்தவனுக்கு ஆறுதல் மட்டும் சொல்வது பரிகாசமாகும். நான்காவது, வாரங்கள் கழிந்தும் தூக்கமில்லை, சோறில்லை, சாகிறேன் என்கிறார் என்றால் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநல வைத்தியரிடம் கூட்டிப் போங்கள். சில வியாதிகளுக்குப் பேச்சு போதாது, மருந்தும் வேண்டும். மருந்து சாப்பிடுவதில் வெட்கமில்லை. 14416 என்னும் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் டெலிபோனில் பேசலாம். இந்த எண்ணை இப்படிப்பகச் சுவரில் இன்றைக்கே பெரிதாய் எழுதி வையுங்கள்.

கடைசியாக, அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். நான் திரும்பப் போனது ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. பக்கத்து வீட்டு ஆயா ஒருவர், தன் பேரனையும் அதே தண்ணீருக்குக் கொடுத்தவர், தினம் காலையில் இந்த அம்மாளை எழுப்பி மீன் கூடையைத் தலையில் ஏற்றி விற்கக் கூட்டிப் போயிருக்கிறார். மாலையில் இருவரும் வாசலில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசுவார்களாம், அழுவார்களாம், சில நாள் சிரிக்கவும் செய்வார்களாம். முழுவதும் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அலை இரைந்தால் அப்போதும் அவர் முகம் மாறிற்று. ஆனால் பேசினார், சாப்பிட்டார், வேலை செய்தார்.

அந்த ஆயா ரிவர்ஸைப் படித்தவரல்ல. பேய் உண்டா இல்லையா என்று ஆராய்ந்தவருமல்ல. ஆனால் இரவில் வருவது யார் என்று அந்தத் தாய் கேட்டதற்கு, "உன் புள்ளதாண்டி, உன் நெனப்புல இருக்கான், சொல்லு, என்ன சொன்னான்?" என்று கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியவில்லை.

பேய் இல்லை என்பது உண்மை. அதை நாம் சாகும்வரை சொல்லிக் கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் பேய் இல்லை என்றால் அங்கே ஒரு மனிதன் இருக்கிறான் என்றுதானே அர்த்தம்? அந்த மனிதனை விட்டுவிட்டுப் பேயை மட்டும் ஒழிக்கிறேன் என்பது பகுத்தறிவாகாது.